தசை அழற்சி நோய் உள்ள குழந்தையின் ஈறும் இரத்தக் கொழுப்பும்: எதை முதலில், எதைப் பிறகு

ஜுவனைல் டெர்மடோமையோசைட்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் நோயில், குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றல் தன் உடலின் சிறு இரத்தக் குழாய்களையும் தசையையும் தோலையுமே தாக்குகிறது. தோளும் தொடையும் பலம் இழக்கும். கண்ணிமையில் ஊதா நிறம் படரும். விரல் முட்டிகளில் சிவந்த தடிப்புகள் வரும். வீட்டாரின் கவனம் முழுவதும் குழந்தை எழுந்து நடப்பதிலேயே இருக்கும், அது இயல்பு. அதற்கிடையில் ஈறு வீங்குவதும் இரத்தக் கொழுப்பு மாறுவதும் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகின்றன.

ஈறைப் பல் மருத்துவர் பார்க்கிறார், கொழுப்பை, மூட்டு மற்றும் தசை அழற்சி நோய்களைக் கவனிக்கும் ருமட்டாலஜி மருத்துவர் பார்க்கிறார். இருவரும் கண்டது ஓரிடத்தில் சேராவிட்டால் இரண்டுக்கும் தவறான பொருள் கொள்ள நேரிடும். புதிதாக இதில் இறங்கும் பெற்றோர் தடுமாறுவது பெரும்பாலும் அக்கறைக் குறைவால் அல்ல, வரிசை தப்புவதால்தான். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவரின் வேலை. இதில் உள்ள எதுவும் அதற்கு மாற்று அல்ல.

1. ஒரே தாளில் தேதிகளை எழுதுங்கள்

எதையும் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் நான்கு விவரங்கள் போதும்: எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் அளவு மாறியது. அதன் கீழே கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனையின் எண்களையும் தேதியையும் எழுதுங்கள். தசை நொதியான சி.கே., வெள்ளணு, இரத்தம் உறைய உதவும் தட்டணு, கல்லீரல் நொதிகள், கொழுப்பு எல்லாம் அதில் வரவேண்டும்.

தேதிகள் ஏன் இவ்வளவு முக்கியம்? இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு ஏறியிருந்தால், அது நோய் மும்முரமாக இருந்த வாரத்தில் ஏறியதா, ஸ்டீராய்டு அளவைக் கூட்டிய பிறகு ஏறியதா என்பதைத் தேதி மட்டுமே சொல்லும். ஈறு வீக்கமும் அப்படித்தான்.

குடும்ப விவரத்தையும் சேர்த்துவிடுங்கள். பெற்றோர், தாத்தா பாட்டி, பெற்றோருடன் பிறந்தவர்கள் ஆகியோரில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ, பெண்களுக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவர் கொழுப்பு எண்ணைப் பார்க்கும் விதமே மாறும். கேட்கும்போது நினைவுக்கு வராத விவரம் இது.

2. பிரஷ்ஷை எடுக்கும் முன் விழுங்குவதைக் கவனியுங்கள்

இந்த நோய் தொண்டைத் தசைகளையும் பாதிக்கக்கூடும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா, குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறியிருக்கிறதா, குடித்த தண்ணீர் மூக்கு வழியே வருகிறதா, சாப்பிட வழக்கத்தைவிட நேரமாகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லவேண்டும். அதுவரை வாய் கொப்பளிக்கும் திரவம் எதையும் கொடுக்காதீர்கள். அது தொண்டை வழியே நுரையீரலுக்குள் இறங்கினால், ஈறைக் காப்பாற்றப் போய் நிமோனியாவைத் தேடிக்கொண்டதாகிவிடும்.

அடுத்தது கை. தலைக்கு மேல் இரு கைகளையும் தூக்கிச் சிறிது நேரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். கை தானாகக் கீழே இறங்கினால், அந்தக் குழந்தையால் முழுமையாகப் பல் துலக்க முடியாது. முன்பற்களை மட்டும் நான்கு தேய் தேய்த்துவிட்டு வந்துவிடும். அதைச் சோம்பல் என்று திட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கடைவாய்ப் பல்லின் வெளிப்புறத்தைத் துலக்க முழங்கை தோள் அளவுக்கு உயரவேண்டும். நோய் முதலில் பிடிக்கும் தசைகளில் அந்தத் தோள் தசையும் ஒன்று.

3. ஈறைப் பார்க்கும் முறை

வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். குழந்தையை உட்காரவைத்து, கைகளைக் கழுவிவிட்டு, மேலுதட்டை இரு விரல்களால் மெல்ல மேலே சுருட்டுங்கள். டார்ச் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள். நேராகக் காட்டினால் எச்சில் பளபளத்து எதையும் மறைத்துவிடும்.

பார்க்கவேண்டிய இடம் இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக நிற்கும் ஈறு நுனி. ஆரோக்கியமான நுனி கூர்மையாக, இறுக்கமாக, பல்லோடு ஒட்டி நிற்கும். ஈறின் நிறம் ஒவ்வொருவருக்கும் மாறும். சிலருக்கு இளஞ்சிவப்பு, சிலருக்குப் பழுப்பு. ஆகவே மற்றவர் ஈறோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் குழந்தையின் ஈறு போன வாரம் எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள்.

இந்தக் குழந்தைகளின் ஈறில் மூன்று விதமான மாற்றங்கள் வரலாம். மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி தோன்றும், ஆனால் செய்யவேண்டியது வேறு வேறு.

முதலாவது, பல் மேல் படியும் கிருமிப் படலத்தால் வரும் சாதாரண ஈறு அழற்சி. ஈறு நுனி உருண்டு, பளபளப்பாகி, தொட்டால் இரத்தம் கசியும். படலத்தை ஒழுங்காக அகற்றினால் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் குறையத் தொடங்கும்.

இரண்டாவது, நோயே ஈறில் காட்டும் அடையாளம். ஈறின் விளிம்பை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடுகள், சில இடங்களில் புதர்போல் கிளைத்த நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரியும். நகத்தின் அடிப்பகுதித் தோலில் மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்ப்பாரே, அதே வகை மாற்றம்தான் இது. பல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது போகாது. நோய் கட்டுக்குள் வந்தால்தான் அடங்கும். இதைப் படலத்தால் வந்த அழற்சி என்று நினைத்து அழுத்தித் தேய்ப்பது ஈறைப் புண்ணாக்கும்.

மூன்றாவது, மருந்தால் வரும் ஈறு வளர்ச்சி. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் எடுக்கும் குழந்தைகள் சிலருக்கு, பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள், முன்பற்களுக்கு நடுவிலிருந்து ஈறு தடித்துப் பல்லின்மேல் ஏறும். இரத்த அழுத்தத்துக்காக நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற மருந்துகளும் சேர்ந்தால் இந்த வாய்ப்பு கூடும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கிவிட்டு மறுபடி பார்ப்பது. குறைந்தால் முதல் வகை. சிவப்புக் கோடுகள் அப்படியே நின்றால் படம் எடுத்து ருமட்டாலஜி மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறு தடித்துக்கொண்டே போனால் இரு மருத்துவர்களுக்கும் காட்டுங்கள். ஒரே வாயில் இரண்டு வகை சேர்ந்தும் இருக்கலாம் என்பதால் முடிவை அவர்களிடம் விடுவதே நல்லது. உங்களிடமிருந்து அவர்களுக்குத் தேவைப்படுவது, தேதியிட்ட படங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஸ்டீராய்டு அழற்சியின் சிவப்பையும் வீக்கத்தையும் மட்டுப்படுத்தும். அதிக அளவு பிரெட்னிசோலோன் எடுக்கும் குழந்தையின் ஈறு அமைதியாகத் தெரிவதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். அந்தக் காலத்தில் நம்பத்தக்க அடையாளம் படலம்தான். சுத்தமான துணியைச் சுண்டுவிரலில் சுற்றி, ஈறை ஒட்டிய பல் விளிம்பில் ஒருமுறை இழுங்கள். துணியில் மஞ்சள் கலந்த வெள்ளைப் பசை வந்தால் துலக்கியது போதவில்லை.

4. துலக்குவது

உட்காரும் நிலையில் தொடங்குங்கள். குழந்தை மேசைமுன் நிமிர்ந்து உட்காரட்டும், முழங்கையை மேசைமேல் ஊன்றட்டும். கையைத் தூக்குவதற்குப் பதில் தலையைப் பிரஷ் பக்கம் சாய்த்தால் தோளுக்கு வேலை குறையும். கழுத்துத் தசையும் தளர்ந்திருந்தால் நீங்கள் பின்னால் நின்று தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முகம் மேல்நோக்கிப் போகக் கூடாது. தாடை சற்றுக் கீழிறங்கி இருந்தால்தான் நுரை முன்பக்கம் வழியும், தொண்டைக்குள் போகாது.

பிரஷ் சிறிய தலையும் மென்மையான இழைகளும் கொண்டதாக இருக்கட்டும். கைப்பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடிப்பது எளிது. மின்சார பிரஷ் கையின் வேலையைப் பெருமளவு குறைக்கும், ஆனால் அதன் எடையைக் குழந்தையின் கை தாங்குகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விரல் முட்டித் தோலில் புண் இருக்கும் நாட்களில் நீங்களே துலக்கிவிடுங்கள்.

இழைகளை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்வில் வைத்து, இடம் மாற்றாமல் சிறு அசைவாக ஆட்டிவிட்டு அடுத்த பல்லுக்குப் போங்கள். படலம் அந்தக் கோட்டில்தான் தங்குகிறது. பல்லின் நடுப்பகுதியை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் ஈறுக்குப் பயனில்லை. காலையும் இரவும் இரண்டு நிமிடம். இரவில் துலக்கியபின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

ஃபுளோரைடு பற்பசையை 3 வயதுக்குள் அரிசி அளவும், 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவும் வைத்தால் போதும். துலக்கியபின் துப்பவேண்டும், வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டாம். ஃபுளோரைடு பல்லின் மேல் தங்குவதற்காக. துப்பவே சிரமப்படும் குழந்தைக்கு மிகக் குறைந்த பசை தடவி, வழிவதை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இரத்தம் வருகிறது என்று துலக்குவதை நிறுத்துவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பரவலானது. நிறுத்தினால் படலம் கூடும், இரத்தமும் கூடும். மென்மையாக, ஆனால் தவறாமல் தொடருங்கள். துலக்காதபோதும் தானாக இரத்தம் வந்தாலோ, உடலில் காரணமில்லாத நீலத் தடங்கள் தெரிந்தாலோ அதை ஈறுப் பிரச்சினை மட்டும் என்று எண்ணாதீர்கள்; தட்டணு குறைந்திருக்கலாம். அன்றே மருத்துவரை அழையுங்கள்.

குளோரெக்சிடின் திரவத்தைப் பல் மருத்துவர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நீண்ட நாள் போட்டால் பல்லில் கறை படியும், சுவை மாறும். பற்பசையோடு சேர்ந்தால் அதன் வீரியம் குறையும் என்பதால் துலக்கி அரை மணி நேரம் கழித்துப் போடவேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைக்குக் கொப்பளிக்கக் கொடுக்காமல் பஞ்சில் நனைத்துத் தடவும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. மருந்துகள் வாயில் விடும் தடயங்கள்

இந்நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாய்ப்புண் உண்டாக்கும். ஃபோலிக் அமிலம் அதைக் குறைக்கும், தவறாமல் கொடுங்கள். ஆனால் வாய் முழுவதும் திடீரென்று புண் வந்தால் முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இந்த மருந்து வாரம் ஒருமுறை மட்டுமே கொடுக்கவேண்டியது. தவறுதலாக நாள்தோறும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று இந்தப் புண். சந்தேகம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஸ்டீராய்டும் மற்ற எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்துகளும் பூஞ்சைத் தொற்றுக்கு இடம் கொடுக்கும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்படலம் தெரியும். சர்க்கரை கலந்த சிரப்புகள் இருந்தால் சர்க்கரையற்ற வகை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் துலக்குவதற்கு முன்பு கொடுங்கள், பின்பு அல்ல.

6. பல் மருத்துவரிடம் போகும் வரிசை

முடிந்தால் வலுவான சிகிச்சை தொடங்கும் முன்பே பற்களைச் சரிபார்த்துவிடுவது சிறந்தது. தொற்றுள்ள பல்லை வாயில் வைத்துக்கொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைப்பது நல்லதல்ல. ஆனால் தசைச் சிகிச்சையை இதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டும் அருகருகே நடக்கட்டும். எலும்புக்காக பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து தொடங்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முன் பல் பரிசோதனை அவசியம்.

போகும்போது மருந்துத் தாளும் அண்மைய இரத்த எண்ணிக்கையும் கையில் இருக்கவேண்டும். பல்லில் இறுகிய காரையை நீக்குவது, பல் பிடுங்குவது என்று எது நடந்தாலும் வெள்ளணுவும் தட்டணுவும் தெரியாமல் தொடங்கக் கூடாது.

பெற்றோர் தாமாகவே பல் பிடுங்கும் நாளில் ஸ்டீராய்டைக் கொடுக்காமல் விடுவதுண்டு. அது பெருந்தவறு. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடலின் அட்ரினல் சுரப்பி உறங்கிக் கிடக்கும். மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். பெரிய சிகிச்சை என்றால் அன்று கூடுதல் ஸ்டீராய்டு வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

புதிதாக எழுதித்தரும் மருந்தை வாங்கும் முன் ருமட்டாலஜி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் மெத்தோட்ரெக்சேட்டுடன் சேர்ந்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் ஆகியவை சைக்ளோஸ்போரினின் அளவை இரத்தத்தில் உயர்த்தும். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் கேட்ட பிறகுதான்.

மயக்கம் கொடுத்துப் பல் சிகிச்சை செய்ய நேர்ந்தால் அது மருத்துவமனையில், தசை நோய் இருப்பது தெரிந்த மயக்க மருத்துவர் முன்னிலையில் நடக்கவேண்டும்.

7. கொழுப்புக்கு இரத்தம் எடுக்கும் நாள்

காய்ச்சல், சளி, பல் சீழ் ஏதாவது வந்து போயிருந்தால் மூன்று வாரமாவது விட்டு எடுங்கள். தொற்று நாட்களில் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்.லும் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.லும் இறங்கும், ட்ரைகிளிசரைடு ஏறும். ஈறை முதலில் கவனிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சீழ்ப்பிடித்த பல்லோடு எடுத்த எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வரமுடியாது.

பட்டினிப் பரிசோதனை என்றால் 9 முதல் 12 மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம். காலை முதல் ஆளாக இரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டோடு அன்றைய பிரெட்னிசோலோனைக் கொடுங்கள். மருந்தையே விட்டுவிடவேண்டாம். சிறு குழந்தை பட்டினி கிடக்க முடியாது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து வரும் எண்ணை, சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் நம்பலாம்.

ஒரே பரிசோதனையோடு நிறுத்தாதீர்கள். எண் கூடியிருந்தால் குறைந்தது இரண்டு வாரம் கழித்து, மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுத்துச் சராசரி பார்ப்பது நடைமுறை.

8. எண்களைப் படிப்பது

ஆய்வகத் தாளில் அச்சாகியிருக்கும் வரம்புகள் பல நேரம் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கான வரம்புகள், டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்:

மொத்தக் கொழுப்பு 170க்குள் நல்லது, 200க்கு மேல் அதிகம். எல்.டி.எல். 110க்குள் நல்லது, 130க்கு மேல் அதிகம். எச்.டி.எல். 45க்கு மேல் நல்லது, 40க்குக் கீழே குறைவு. ட்ரைகிளிசரைடு 9 வயதுவரை 75க்குள், 10 முதல் 19 வயதுவரை 90க்குள் இருக்கவேண்டும். முறையே 100, 130 எட்டினால் அதிகம். இடைப்பட்டவை எல்லைக்கோட்டு எண்கள். உங்கள் ஆய்வகம் மில்லிமோல் கணக்கில் தந்தால் மொத்தக் கொழுப்பு, எல்.டி.எல்., எச்.டி.எல். எண்களை 38.7ஆலும் ட்ரைகிளிசரைடை 88.6ஆலும் பெருக்குங்கள்.

கல்லீரல் நொதிகள் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. கூடியிருந்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று பதறவேண்டாம். இவை தசையிலிருந்தும் வருபவை. தசையிலிருந்து வராத கல்லீரல் நொதியான ஜி.ஜி.டி. சாதாரணமாக இருந்து சி.கே. கூடியிருந்தால் பெரும்பாலும் தசைதான் காரணம்.

9. ஈறு, கொழுப்பு, நோய் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது

இந்த நோயுள்ள குழந்தைகளில் ஈறில் இரத்தக் கசிவும் கொழுப்புக் கோளாறும் சேர்ந்து காணப்படுவதைச் சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை. நீடித்த அழற்சி இரண்டுக்கும் பொதுவான வேராக இருக்கலாம். ஆகவே ஈறைச் சுத்தம் செய்தால் கொழுப்பு இறங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஈறைக் காப்பது ஈறுக்காகவே அவசியம். ஓர் அழற்சியாவது உடலில் குறைந்தால் மற்ற எண்களைத் தெளிவாகப் படிக்கலாம்.

எச்.டி.எல். குறைந்து ட்ரைகிளிசரைடு ஏறியிருக்கிறது, தசை பலவீனமும் தோல் தடிப்பும் தொடர்கின்றன, ஈறு விளிம்பில் சிவப்புக் கோடுகளும் நிற்கின்றன என்றால், நோய் இன்னும் அடங்கவில்லை என்பதற்கான வாய்ப்பே அதிகம். அங்கே உணவுக் கட்டுப்பாட்டைவிட நோய்க்கான சிகிச்சைதான் முதல் வேலை.

தசை தேறிவருகிறது, எடை கூடுகிறது, எல்.டி.எல்.லும் ட்ரைகிளிசரைடும் ஏறுகின்றன, எச்.டி.எல். நன்றாக இருக்கிறது என்றால் ஸ்டீராய்டின் கை தெரிகிறது. அதன் அளவை எப்போது இறக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக இறக்காதீர்கள்.

முகத்திலோ கைகால்களிலோ தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கரைந்து இரத்தக் குழாய்கள் புடைத்துத் தெரிகின்றன, கழுத்து மடிப்பில் தோல் கறுத்து வெல்வெட் போலாகிறது, ட்ரைகிளிசரைடு மிக அதிகம் என்றால் இந்நோயோடு வரும் கொழுப்புத் திசு இழப்பாக இருக்கலாம். குழந்தை மெலிந்திருப்பதால் வீட்டார் இதைக் கவனிப்பதில்லை. மெலிந்த குழந்தைக்குக் கொழுப்புப் பிரச்சினை வராது என்ற நம்பிக்கை இங்கே பொய்யாகும். சர்க்கரை, கல்லீரல் பரிசோதனைகளும் தேவைப்படும்.

மேலே சொன்ன மூன்று நிலைகளிலும் பொருந்தாமல் கொழுப்பும் சி.கே.யும் சேர்ந்து ஏறினால் தைராய்டு பரிசோதனை செய்ததா என்று கேளுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு இரண்டையும் உயர்த்தும்.

10. உணவு, அசைவு, மாத்திரை

பானங்களில் உள்ள சர்க்கரையை முதலில் நிறுத்துங்கள். ட்ரைகிளிசரைடுக்கும் பல்லுக்கும் ஒரே சமயத்தில் பலன் தரும் மாற்றம் இது. ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும் என்பதால் குழந்தையைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. கைக்கெட்டும் இடத்தில் எது இருக்கிறது என்பதை மாற்றுங்கள். புரதத்தைக் குறைக்காதீர்கள், தேறிவரும் தசைக்கு அது வேண்டும். பிசியோதெரபிஸ்ட் வகுத்த பயிற்சி தசைக்கும் கொழுப்புக்கும் நல்லது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை யாராவது பரிந்துரைத்தால் ருமட்டாலஜி மருத்துவர் அறியாமல் தொடங்கவேண்டாம். அவை தசையைப் பாதிக்கக்கூடியவை. சைக்ளோஸ்போரினோடு சேர்ந்தால் அந்த ஆபத்து கூடும். பிறகு சி.கே. ஏறினால் நோய் திரும்பியதா, மாத்திரையா என்று பிரித்தறிவதும் கடினமாகிவிடும்.

11. அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாதவை

முகமோ தாடையோ வீங்கிக் காய்ச்சல் வருவது. ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலே வீக்கம் மட்டும் வந்தாலும் இதே அவசரம்தான். புதிதாகப் புரையேறுதல். வாய்ப்புண்ணால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத நிலை. ட்ரைகிளிசரைடு 500ஐத் தாண்டியிருக்கும் குழந்தைக்கு முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். வயிற்றுவலியோடு கறுப்பு நிற மலம் போனால், இந்த நோயில் குடலின் இரத்தக் குழாய்களும் பாதிக்கப்படக்கூடும் என்பதால், இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஸ்டேட்டின் தொடங்கியபின் தசைவலியும் கருஞ்சிவப்புச் சிறுநீரும் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் அவசரமாக மருத்துவரை அழையுங்கள்.